பொறியியலாளருக்குக் கணக்கு மட்டும் போதுமா?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பட்ட உரை)



இவ்விழாவிற் பேசும்படி செயலாளர் அவர்கள் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். நாம் இன்னும் பட்டம் பெறாத மாணாக்கர். பொறியியற் படிப்பிற் பாதி வழி வந்திருக்கிறோமேயன்றித் தொழில் பார்த்தவரல்லோம். மிஷன் பாடசாலையிற் படித்த எமக்கு இம்மேடையின் பேச்சு முறையும் அவ்வளவு பழக்கமில்லை. "தெரிந்ததைச் சொல்லும், அது போதும்" என்று அவர் கூறியபடியால் துணிந்து வந்திருக்கிறோம். குற்றங் குறைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

நாம் பொறியியல் படிக்கிறோம் என்று தெரிந்தவுடன் ஊரில் எம்மிடம் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "தம்பி, எத்தனை ஏ எடுத்தனீர்?" மற்றது, "முடிச்சுப்போட்டு எந்த நாட்டுக்குப் போறீர்?" இரண்டும் அன்பினாற் கேட்கப்படுபவை. ஆயினும் இவற்றுள் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. நல்ல புள்ளியும் ஒரு விமானச் சீட்டும் இருந்தால் உலகம் போற்றும் பொறியியலாளர் ஒருவர் உண்டாகிவிடுவார் என்பதே அவ்வெண்ணம். நாமும் சில காலம் அப்படியே நம்பியிருந்தோம். அந்த நம்பிக்கை எங்கே பிழைத்தது என்பதையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பிறநாடு சென்று தொழில் புரிவது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிதன்று. மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை 1885 இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அக்காலந் தொட்டு எம்மவர் பலர் அந்நாட்டின் புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் உத்தியோகம் பார்க்கச் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணத்தில் இங்கே கல்வீடுகள் எழுந்தன. பிள்ளைகள் படித்தார்கள். "மலாயன் பென்சனியர்" என்ற சொல் எமது பாட்டனார் காலத்தில் ஒரு கௌரவப் பட்டம் போலவே வழங்கிற்று. ஆங்கிலமும் கணக்கும் அறிந்திருந்தமையே அவர்களுக்குக் கதவைத் திறந்தது. அவ்விரண்டையும் ஊட்டும் கல்வி 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரியின் காலத்திலிருந்தே இக்குடாநாட்டில் ஊன்றியிருந்தது.

ஆனால் அக்காலத்துக்கும் இக்காலத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அன்று சென்றவர் ஓர் அரசின் கீழ், ஒரு பகுதியின் கீழ், ஒரே விதிக்கோவையின் கீழ் வேலை செய்தார். இன்று ஒரு பாலத்தின் வரைபடம் ஒரு நாட்டில் வரையப்படுகிறது, கணக்கு வேறொரு நாட்டிற் பார்க்கப்படுகிறது, உருக்கு மூன்றாவது நாட்டிலிருந்து வருகிறது, கடன் கொடுக்கும் வங்கி நான்காவது நாட்டில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஓர் அறையில் இருந்தபடியே கணினியின் முன் பல நாட்டாரோடு சேர்ந்து ஒரே வரைபடத்தில் வேலை செய்வோரும் இன்று உளர். ஆதலால் கடல் கடந்தாலென்ன, வீட்டில் இருந்தாலென்ன, இத்தொழிலிற் புகுபவர் உலகத் தொழிலிலேயே புகுகின்றார்.

அப்படியானால் உலகம் எம்மிடம் எதிர்பார்ப்பது யாது? இதற்கு எழுத்திலேயே ஒரு விடை உண்டு. 1989 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, ஐக்கிய இராச்சியம், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பொறியியற் சங்கங்கள் கூடி, ஒரு நாட்டின் தகுதி பெற்ற பொறியியற் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்பதென உடன்பட்டன. வாஷிங்டன் உடன்படிக்கை என்பது அதன் பெயர். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல் அதில் முழு உறுப்புரிமை பெற்றது. இதனால் இலங்கையின் எல்லாப் பட்டங்களும் தாமாகவே செல்லும் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொரு பாடநெறியும் தனித்தனியே சோதிக்கப்பட்டு ஏற்கப்பட வேண்டும். அன்றியும் ஏற்கப்படுவது படிப்பே. அந்தந்த நாட்டிற் பொறுப்பேற்றுத் தொழில் செய்வதற்கான அனுமதியை அங்கங்கே தனியாகப் பெறல் வேண்டும்.

இவ்வுடன்படிக்கையைச் சார்ந்து, பட்டம் பெறும் ஒருவரிடம் இருக்க வேண்டிய பண்புகள் பட்டியலாக வகுக்கப்பட்டிருக்கின்றன. 2013 இல் வெளியான பட்டியலில் அவை 12. அதை முதன்முதல் வாசித்தபோது எமக்குச் சற்றுத் திகைப்பு உண்டாயிற்று. பொறியியல் அறிவு, சிக்கலை ஆராய்தல், திட்டமிட்டு வடிவமைத்தல், பரிசோதித்து உண்மை காணல், நவீன கருவிகளைக் கையாளல் என்னும் ஐந்துமே நாம் இரவு பகலாகப் படிப்பவை. மற்றை ஏழும் எவை? சமுதாயப் பொறுப்பு, சுற்றாடலைப் பேணல், தொழில் ஒழுக்கம், தனித்தும் கூடியும் உழைத்தல், கருத்தை எடுத்துரைத்தல், வேலையையும் பணத்தையும் முகாமை செய்தல், வாழ்நாள் முழுதும் கற்றல் என்பனவாம். 2021 இல் இப்பட்டியலைத் திருத்தி, சமுதாயத்தையும் சுற்றாடலையும் ஒன்றாக்கிப் பதினொன்றாக அமைத்தனர். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பாதிக்கு மேற்பட்டவை கணக்குப் புத்தகத்தில் இல்லாதவை. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்காக விடியற்காலை ரியூசன் வகுப்பு முதல் இரவு விளக்கணைக்கும் வரை நாம் பட்ட பாட்டில் இந்த ஏழில் ஒன்றையாவது பயின்றோமா என்று எம்மையே கேட்டுப் பார்த்தோம். விடை சொல்ல வெட்கமாயிருந்தது.

இப்படிச் சொல்வதால் கணக்கு வேண்டாம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். கணக்கே அத்திவாரம். அதற்குச் சான்றாக எமது மண்ணின் பெரியார் ஒருவரை நினைவு கூர்வோம்.

பேராசிரியர் அழகையா துரைராசா அவர்கள் 1934 இல் வடமராட்சியிற் பிறந்தவர். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, அந்நாளிற் கொழும்பில் இருந்த இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திற் பட்டம் பெற்று, கேம்பிறிட்ஜ் சென்று மண் பொறியியலில் ஆராய்ச்சி செய்தார். வீடும் அணையும் வீதியும் மண்ணின் மேலேதான் நிற்கின்றன. அம்மண் பாரத்தின் கீழ் எப்படி நெரியும், எப்படி வழுக்கும் என்பது பொறியியலின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. களிமண்ணை வெட்டுவது போலத் தள்ளும்போது அதன் உருவம் மாறுவதோடு பருமனும் மாறுகின்றது. துரைராசா அவர்கள் களியையும் மணலையும் பொறுமையோடு பரிசோதித்து, பருமன் மாற்றத்தாற் செலவாகும் வேலையைச் சரியாகக் கணக்கில் எடுத்தால், உராய்விலே செலவாகும் சக்தி ஒரு எளிய விதிக்கு அமைவதைக் காட்டினார். றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்னும் இரு ஆங்கிலேய அறிஞரோடு அவர் சேர்ந்து எழுதிய கட்டுரை 1963 இல் ஜியோடெக்னிக் என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. அவ்வாராய்ச்சியின் வழியில் உருவான கொள்கைக்குக் கேம்பிறிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரால் "கேம் களி" என்று பெயர் வழங்குகின்றது. இன்று நிலத்தடிச் சுரங்கத்துக்கும் அத்திவாரத்துக்கும் கணக்குப் பார்க்கும் கணினி நிரல்களில் அக்கொள்கையும் அதன் திருத்திய வடிவமும் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றைத் திறந்து வேலை செய்யும் எந்த நாட்டு மாணாக்கனும் வடமராட்சியார் ஒருவரின் உழைப்பைத் தன்னையறியாமலே பயன்படுத்துகிறான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அவருடைய கெட்டித்தனம் மட்டுமன்று. முதலாவதாக, அவர் தாம் அளந்ததை நம்பினார். விடையை முன்பே முடிவு செய்துகொண்டு அளவைத் திருத்தவில்லை. இரண்டாவதாக, வேற்று நாட்டார் இருவரோடு ஒருவராய்க் கூடி உழைத்தார். மூன்றாவதாக, அவ்வளவு புகழ் வாய்த்த பின்னரும் நாடு திரும்பிப் பேராதனையிற் பேராசிரியராகவும் பீடாதிபதியாகவும் இருந்து தலைமுறை தலைமுறையாக மாணாக்கரைப் பயிற்றினார். 1988 முதல் 1994 இல் மறையும் வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராய்ப் பணியாற்றினார். 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் சீமெந்துக்கும் தடை. மண்ணெண்ணெய் விளக்கில் மாணாக்கர் படித்த காலம் அது. அந்நாட்களிலே ஒரு பல்கலைக்கழகத்தை மூடவிடாமல் நடத்துவதற்கு எந்தச் சமன்பாடு உதவியிருக்கும்? பொறுமையும், எல்லாத் தரப்பாரோடும் பேசும் தன்மையும், உள்ளதைக் கொண்டு வேலையை நடத்தும் துணிவுமே உதவியிருக்கும். அந்த ஏழு பண்புகளும் அவரிடத்தில் இருந்தன.

இனி, அவ்வேழினுள் எமக்கு மிகவும் குறைவென்று நாம் கருதும் மூன்றை மாத்திரம் எடுத்துச் சொல்லுகிறோம்.

முதலாவது, எடுத்துரைக்கும் திறமை. 1999 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அமெரிக்கா செவ்வாய்க் கிரகத்துக்கு அனுப்பிய விண்கலம் ஒன்று அக்கிரகத்தை அணுகிய வேளையில் அழிந்து போயிற்று. காரணம் என்ன? ஒரு குழுவினர் உந்துவிசையை இறாத்தல் அளவிற் கணக்கிட்டுக் கொடுத்தனர். அதைப் பெற்ற மற்றக் குழுவினர் நியூட்டன் அளவென்று எண்ணிப் பயன்படுத்தினர். இரு பகுதியாரும் கணக்கில் வல்லவரே. எந்த அளவு என்று ஒருவரையொருவர் திட்டமாகக் கேட்டுக்கொள்ளாமையே கேட்டுக்குக் காரணமாயிற்று. இவ்வாபத்து எமக்கும் அந்நியமானதன்று. 16 வரகுப் பரப்பு ஓர் ஏக்கர் என்பதைப் பெரியோர் அறிவர். நெற்பரப்பின் அளவோ வேறு. உறுதியில் வெறுமனே "பரப்பு" என்று மாத்திரம் கண்டால் எந்தப் பரப்பு என்று கேளாமல் காணி வாங்குவார் உண்டோ? அந்தக் கவனத்தையே வரைபடத்திலும் மின்னஞ்சலிலும் நாம் காட்டல் வேண்டும்.

எழுத்தாங்கிலத்தில் நாம் அவ்வளவு மோசமில்லை. வாய் திறப்பதிலேதான் கஷ்டம். விரிவுரை முடிந்து "கேள்வி உண்டா?" என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பறை முழுதும் மௌனம். எல்லாம் விளங்கியதனாலுண்டான மௌனம் அன்று. கேட்டால் மடையன் என்பார்களே என்ற பயத்தால் உண்டானது. வேறு தேசத்தாரோடு வேலை செய்யும்போது, விளங்காததை விளங்கவில்லை என்று உடனே சொல்பவரையே நம்புவார்கள். தலையாட்டிவிட்டுப் பிழை விடுபவரை ஒருமுறைக்கு மேல் நம்பமாட்டார்கள்.

ஆங்கிலம் ஒன்றே போதுமென்றும் எண்ணலாகாது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் கிறீன், மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பித்தார். பெரிய பெரிய வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். தாம் தமிழ் கற்றும், மாணாக்கரைத் துணைக்கொண்டும் அதைச் செய்தார். அமெரிக்கர் ஒருவர் அன்று செய்ததை, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் பொறியியலிற் செய்ய முடியாமல் இருப்பது நல்லதா? ஒரு மேசனுக்கும் ஒரு விவசாயிக்கும் எமது வரைபடத்தைத் தமிழிலே விளக்க முடியாவிட்டால் நாமே அதைச் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை என்பதே பொருள். தென்னிலங்கையில் வேலை செய்யும்போது சிங்களமும் வேண்டும். கூட வேலை செய்யும் தொழிலாளி தன் மொழியிற் சொல்லும் எச்சரிக்கை விளங்காமற் போனால் உயிருக்கே மோசம் வரலாம்.

இரண்டாவது, காது கொடுத்துக் கேட்கும் குணம். இதைப் பற்றிச் சொல்லும்போது எமது பிழையொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற வருடம் ஆவணி மாதத்திலே பயிற்சிக்காக நாம் நால்வர் ஒரு கிராமத்து ஒழுங்கைக்கு மட்டம் பார்த்து, வெள்ள வாய்க்கால் ஒன்றுக்கு வரைபடம் தயாரித்துக் கொண்டிருந்தோம். வேலியோரத்தில் நின்ற வயது போன அம்மா ஒருவர் எம்மைப் பார்த்து, "தம்பியவை, மாரித்தண்ணி உதாலை போகாது. இஞ்சை, இந்தப் பூவரசங் கதியாலடியாலைதான் போகும்" என்றார். "இல்லையம்மா, நாங்கள் மட்டம் பாத்துப்போட்டம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நாம் மேலே நடந்தோம். எம்மிடம் கருவி இருந்தது. அவரிடம் என்ன இருந்தது?

கார்த்திகை மாதம் மழை கொட்டிய மறுநாள் நாம் அவ்வழியே போக நேர்ந்தது. வெள்ளம் அம்மா காட்டிய கதியாலடியாலேயே ஓடிக்கொண்டிருந்தது. மேற்கே ஒரு வளவில் மதில் கட்டி மண் நிரப்பியிருந்ததை நாம் ஆவணியிற் கவனிக்கவில்லை. எமது மட்டம் ஒழுங்கைக்குச் சரி. வெள்ளமோ ஒழுங்கையில் மாத்திரம் ஓடுவதில்லை. அவரிடம் எத்தனையோ மாரியின் அளவுகள் இருந்தன. அவை கொப்பியில் எழுதப்படவில்லை என்பதே வித்தியாசம். அந்த வரைபடம் பயிற்சிக்காக வரைந்ததாய் இருந்தமையால் எவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளம் புகவில்லை. அது எமது புண்ணியம். நாம் திரும்பிச் சென்று அவரிடம் சொன்னபோது, "பறவாயில்லை மோனை, இனி ஆரையும் கேட்டுச் செய்யுங்கோ" என்றார். எந்தப் பாடப்புத்தகமும் எமக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியதில்லை.

சிறு ஒழுங்கைக்கு ஒவ்வுவது பெருந் திட்டத்துக்கும் ஒவ்வும். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கும் மழைநீரே எமது கிணறுகளின் நீர். அந்நன்னீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். இத்தவனத்தைத் தீர்க்க, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்திலிருந்து குடிநீர் கொண்டுவரத் திட்டம் வகுக்கப்பட்டது. அக்குளத்தை நம்பி நெல் விளைவிக்கும் கமக்காரர் தம் வயலுக்கு நீர் போதாமற் போகும் என்று அஞ்சி எதிர்த்தனர். வருடங்கள் கடந்தன. முடிவிலே கடல் நீரை நன்னீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. தவனித்த குடாநாட்டாரிலும் பிழையில்லை, பயந்த கமக்காரரிலும் பிழையில்லை. குழாயின் விட்டத்தையும் பம்பியின் வலுவையும் கணிப்பது எவ்வளவு பொறியியலோ, அந்நீரோடு வாழ்வு பிணைந்திருப்பவரைத் தொடக்கத்திலேயே கூட்டி வைத்துப் பேசுவதும் அவ்வளவு பொறியியலே. ஆபிரிக்காவிற் குளங் கட்டினாலும் கனடாவிற் குழாய் பதித்தாலும் இது மாறப்போவதில்லை.

மூன்றாவது, மனச்சாட்சி. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் படர்ந்த செய்தியை இங்குள்ளோர் யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். அங்கிருந்த மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெயால் நிலத்தடி நீர் கெட்டதென்று தொடரப்பட்ட வழக்கில், பாதிக்கப்பட்டவர்களுக்காக 2 கோடி ரூபா செலுத்தும்படி 2019 ஏப்ரலில் நாட்டின் உயர் நீதிமன்றம் அந்நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. பணம் கொடுக்கலாம். தாயொருத்தி கிணற்றடியிலே வாளியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதா விடுவதா என்று தயங்கிய நாட்களை யார் திருப்பிக் கொடுப்பார்? எண்ணெயைத் தேக்கி வைக்கும் தொட்டிக்கும் கழிவு வாய்க்காலுக்கும் வழி தெரியாத விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. "இது சரியில்லை, இதற்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று உரிய வேளையிற் சொல்லும் துணிவே எங்கும் அரிதாய் இருக்கின்றது. வெளிநாட்டு நிறுவனமொன்றிற் புதிதாய்ச் சேர்ந்து, விசாவும் சம்பளமும் மேலாளரின் கையில் இருக்கும்போது அப்படிச் சொல்வது இன்னும் கடினம். ஆதலால் அதை இப்போதே பழக வேண்டும். பரிசோதனைச் சாலையில் விடை சரிவரவில்லை என்று நண்பனின் கொப்பியைப் பார்த்து இலக்கத்தை மாற்றி எழுதுகிறோமே, அங்கேயே அந்தப் பழக்கம் கெடத் தொடங்குகிறது. நாமும் செய்ததுண்டு. ஆகவே சொல்கிறோம்.

இவ்விடத்திற் பெரியோர்களிடம் பணிவாக ஒரு விண்ணப்பம் செய்ய அனுமதி தாருங்கள். எங்களைப் படிப்பிக்க நீங்கள் பட்ட கடன் எமக்குத் தெரியும். அடகு வைத்த தாலிக்கொடியையும் ஈடு வைத்த காணியையும் நாம் மறக்கவில்லை. அதனாலேயே வெளிநாடு போகும் எண்ணம் பலருக்கு ஆசையாய் மாத்திரமன்றிக் கடமையாயும் இருக்கின்றது. போகிறவரைக் குறை சொல்ல நாம் இங்கு வரவில்லை. நாளை நாமே போகவும் கூடும். நாம் கேட்பது வேறு. பிள்ளை ஒரு ஆணியடிக்கப் போனால் "உனக்கேன் உந்த வேலை, போய்ப் படி" என்று சுத்தியலைப் பறிக்காதீர்கள். தண்ணீர்ப் பம்பியைக் கழற்றிப் பார்க்கட்டும். நாலு பேரோடு பந்தடிக்கட்டும், தோற்கட்டும். பெரியோரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டால் அதை எதிர்ப்பேச்சு என்று அடக்காதிருங்கள். மகனுக்குச் சொல்வதை மகளுக்கும் சொல்லுங்கள். இன்று எமது வகுப்பிற் பெண்களும் எம்மோடு சமமாகப் படிக்கிறார்கள். வெயிலிலே வேலைத்தலத்துக்குப் போவது பெண்ணுக்குத் தகாது என்ற பேச்சு மட்டும் வீட்டிலிருந்து இன்னும் போகவில்லை.

வாலிப அன்பர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல்நகரில் நடைபெற்று வருகின்றது. படிப்பதற்கு இப்போது இடம் அருகிலேயே உண்டு. ஆனால் நாம் இன்று பேசிய பண்புகளை எந்தப் பீடமும் நாலு வருடத்தில் ஊட்டி முடித்துவிடாது. அவற்றைப் பழக ஒரு களம் வேண்டும். இச்சங்கமே அக்களமாகலாம் என்பது எமது எண்ணம். ஒரு சிறு வேலையை முன்வைக்கிறோம். எமது ஊரில் இருபது கிணறுகளைத் தெரிந்தெடுப்போம். மாதம் ஒருமுறை நீர் மட்டத்தையும் உவர்த் தன்மையையும் அளந்து ஒரே கொப்பியில் எழுதுவோம். கயிறும் அளவுநாடாவும், உவரை அளக்கும் சிறு கருவியொன்றும் இருந்தாற் போதும். எந்தக் கிணறு எப்போது வற்றிற்று, எப்போது உவர்த்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்டு அதையும் எழுதுவோம். வருட முடிவில் அவ்வறிக்கையைச் சங்கக் கூட்டத்திலே தமிழில் வாசிப்போம். ஆங்கிலத்தில் எழுதி அறிந்தோருக்கும் அனுப்புவோம்.

இதிலே பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை என்று தோன்றலாம். ஆனால் மழையிலும் வெயிலிலும் மாதந் தவறாமல் அளப்பது ஒழுங்கைப் பழக்கும். அளந்ததை மாற்றாமல் எழுதுவது நேர்மையைப் பழக்கும். இருபது வீட்டுப் படலையைத் திறந்து பேசுவது கேட்கும் குணத்தைப் பழக்கும். இரு மொழியில் அறிக்கை எழுதுவது எடுத்துரைக்கும் திறமையைப் பழக்கும். பத்துப் பேர் கூடிச் செய்வதால், எம்மிற் குறைவான ஒற்றுமையும் சற்று வளரும். இவற்றைப் பழகியவர் மெல்பேணுக்குப் போனாலும் மிருசுவிலில் இருந்தாலும் நல்ல பொறியியலாளராய் இருப்பார்.

அடுத்த ஆண்டு மலரில் அந்த இருபது கிணறுகளின் அறிக்கை வெளிவர வேண்டுமென்பதே எமது ஆசை. கணக்கிலே வல்லவர்கள் எமது ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலியோரத்து அம்மா சொன்னதை நின்று கேட்கக் கூடியவர்களே இனித் தேவை. முதற் கிணறாக எமது வீட்டுக் கிணற்றைத் தருகிறோம். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்தவுடன் செயலாளர் அவர்களிடம் பெயரைக் கொடுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறோம்.